வெறும் வயிற்றோடு வாருங்கள்: பாஸ்டன் நார்த் எண்ட்

பாஸ்டனுக்கு வரும் நம்மவர்கள் நார்த் எண்டைப் பெரும்பாலும் இப்படித்தான் பார்க்கிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் காரில் கிளம்புவார்கள். வண்டி நிறுத்த இடம் தேடி முக்கால் மணி நேரம் சுற்றுவார்கள். ஹானோவர் தெருவில் ஏதோ ஓர் உணவகத்தின் வாசலில் இன்னொரு முக்கால் மணி நேரம் நிற்பார்கள். ஒரு தட்டு பாஸ்தா சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து பேஸ்ட்ரி கடை வரிசையில் மறுபடியும் நிற்பார்கள். அதற்குள் இருட்டிவிடும். 300 வருடத்துக் கட்டடங்கள் எல்லாம் பூட்டிக் கிடக்கும். "இட்லிக் கடைக்குப் போகிற மாதிரி போய்விட்டு வந்தோம், என்ன இருக்கிறது அங்கே?" என்று ஊருக்குத் திரும்பிச் சொல்வார்கள்.

இதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டரை, ஒன்பது மணிக்கு, வெறும் வயிற்றோடு, ரயிலில் வந்து இறங்குங்கள். இந்தப் பேட்டை அரை சதுர மைல்கூட இல்லை. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கக் கால் மணி நேரம் போதும். கொஞ்சம் தின்பது, கொஞ்சம் நடப்பது, ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்து வருவது, மறுபடி கொஞ்சம் தின்பது என்று போனால் மூன்று மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். உட்கார்ந்து சாப்பிடும் முழுச் சாப்பாடு என் கணக்கில் கட்டாயமில்லை. இங்குள்ள நல்ல பண்டங்களில் பாதி, கையில் வாங்கி நின்றபடியே தின்பவை.

வந்து இறங்குவது

பச்சை, ஆரஞ்சு ரயில் தடங்கள் இரண்டும் நிற்கும் ஹேமார்க்கெட் நிலையம்தான் வாசல். விமான நிலையத்திலிருந்து நேராக வருபவர்கள் நீலத் தடத்தில் ஏறி அக்வேரியம் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கார் வேண்டாம். தெருவோர இடங்களில் பெரும்பாலானவை அங்கே குடியிருப்பவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டவை. தெரியாமல் நிறுத்தினால் அபராதம் நிச்சயம்.

ஹேமார்க்கெட் நிலையத்தின் மேலேயே பாஸ்டன் பப்ளிக் மார்க்கெட் என்ற கூரையிட்ட சந்தை இருக்கிறது. அதன் கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டுக் கிளம்புங்கள். சிரிக்காதீர்கள், இந்த அத்தியாயத்தில் உள்ள மிக உருப்படியான தகவல் இதுதான். நார்த் எண்டுக்குள் போய்விட்டால் ஏதாவது வாங்கினால்தான் கடைக்காரர்கள் கழிப்பறைக் கதவைக் காட்டுவார்கள். சின்னக் கடைகளில் கதவே இருக்காது.

வெள்ளிக்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் பக்கத்தில் பிளாக்ஸ்டோன் தெருவில் கூடும் திறந்தவெளிக் காய்கறிச் சந்தை. வெள்ளியும் சனியும் மட்டும்தான். பல்பொருள் அங்காடி விலையில் பாதிக்குப் பழமும் கீரையும் கிடைக்கும். ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் தக்காளியை அமுக்கிப் பார்த்துப் பொறுக்கி எடுக்கப் போனால் அதட்டல் விழும். கடைக்காரர் அள்ளிப் போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பையைச் சுமந்துகொண்டு நடக்க முடியாது என்பதால் போகும்போது வேடிக்கை பாருங்கள், திரும்பும்போது வாங்குங்கள்.

சந்தையைத் தாண்டியதும் நீளமான ஒரு பூங்கா குறுக்கிடும். 1950களில் இந்த இடத்தில் தூண்கள்மேல் ஒரு விரைவுச் சாலையைக் கட்டி, நார்த் எண்டை நகரத்திலிருந்து வெட்டி ஒதுக்கினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு இங்கே வருகிறவர்கள் அந்தப் பாலத்தடியின் இருட்டிலும் இரைச்சலிலும் புகுந்துதான் வந்தார்கள். பிறகு பெரும் பணம் கொட்டிச் சாலையைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். மேலே மிஞ்சிய நிலம்தான் 2008-இல் திறக்கப்பட்ட ரோஸ் கென்னடி பசுமைவழி. ஜனாதிபதி கென்னடியின் தாயார் ரோஸ் 1890-இல் பிறந்தது இந்த நார்த் எண்டில்தான்.

கென்னடிகள் அயர்லாந்து வம்சம் ஆயிற்றே, இத்தாலியப் பேட்டையில் எப்படி என்று கேட்பீர்கள். இந்த ஊரின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. முதலில் ஆங்கிலேயக் குடியேற்றக்காரர்கள். 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ்காரர்கள். பிறகு கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். கடைசியாக இத்தாலியர்கள், ஜெனோவாவிலிருந்து சிலர் முன்னாலேயே வந்திருக்க, அவெல்லினோ, நேப்பிள்ஸ், சிசிலி என்று தெற்கத்தி ஏழைகள் 1900ஐ ஒட்டிக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள். ஊருக்கு ஒரு தெரு என்று பிரித்துக்கொண்டு குடியேறினார்கள். ஒருவர் விட்டுப்போன வீட்டில் அடுத்தவர் குடிவந்தார். நீங்கள் பார்க்கப்போகிற ஒவ்வொரு கட்டடத்திலும் இந்த நான்கு அடுக்கில் குறைந்தது இரண்டு தட்டுப்படும்.

காலை: காபியும் வெள்ளித் தட்டான் வீடும்

ஹானோவர் தெருதான் முதுகெலும்பு. காலை ஒன்பது மணிக்கு அது வேறு தெரு. சரக்கு வண்டிகள் நிற்கும், கடைக்காரர்கள் நடைபாதையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், காபிக் கடை டிவியில் இத்தாலியக் கால்பந்து ஓடும். எஸ்பிரெஸோவைக் கல்லாவுக்கு எதிரே நின்றே குடித்துவிடுங்கள்; நம் டபராவில் கால்வாசிதான் இருக்கும், ஆற்றிக் குடிக்க அதில் ஒன்றுமில்லை.

கூடவே 1930 முதல் இருக்கும் மாடர்ன் பேஸ்ட்ரியில் ஒரு ஸ்ஃபோல்யதெல்லா வாங்குங்கள். சிப்பி வடிவம், நூறு மடிப்பு, கடித்தால் சட்டையெல்லாம் உதிரும். உள்ளே ரிக்கோட்டா என்ற பால்கட்டியும் ஆரஞ்சுத் தோல் மணமும். காலையில் சாப்பிட்டால்தான் மொறுமொறுப்பு. மாலையில் அது வெறும் மைதா.

நடந்துகொண்டே வலப்பக்கம் திரும்பினால் நார்த் ஸ்கொயர். கல் பாவிய முக்கோண முற்றம். அங்கே சாம்பல் நிறத்தில் குட்டையாக ஒரு மரவீடு நிற்கும்: பால் ரிவியர் வீடு. 1680ஐ ஒட்டிக் கட்டியது, இந்த நகரத்தின் மையப் பகுதியில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடு. ரிவியர் ஒரு வெள்ளித் தட்டான். 1775 ஏப்ரல் 18 இரவு, பிரிட்டிஷ் படை புறப்பட்டுவிட்டது என்று எச்சரிக்கக் குதிரையேறிப் போனவர். அமெரிக்கக் குழந்தைகள் பள்ளியில் படிக்கிற கதை அது.

எனக்குக் குதிரையைவிட அந்த வீட்டின் பிற்காலம்தான் பிடிக்கும். ரிவியர் குடும்பம் போன பிறகு வீடு வாடகைக் குடித்தனமானது. கீழ்த்தளத்தில் மிட்டாய்க் கடை, சுருட்டுப் பட்டறை, இத்தாலியர்கள் பணம் போட்டுவைத்த ஒரு வங்கி, காய்கறிக் கடை என்று என்னென்னவோ நடந்தன. இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்து 1902-இல் ரிவியரின் கொள்ளுப்பேரன் ஒருவர் வாங்கினார். 1908-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ள பெரியவர்களை முற்றத்தில் உட்காரவைத்துவிட்டுப் போங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை.

ஹானோவர் தெருவுக்குத் திரும்பினால் செங்கல்லில் செயின்ட் ஸ்டீஃபன் தேவாலயம். சார்ல்ஸ் புல்ஃபின்ச் வடிவமைத்து 1804-இல் முடித்தது. பாஸ்டனில் அவர் கட்டிய தேவாலயங்களில் இது ஒன்றுதான் மிச்சம். ரோஸ் கென்னடிக்கு 1890-இல் ஞானஸ்நானம் கொடுத்ததும், 1995-இல் இறுதிச் சடங்கு நடந்ததும் இங்கேதான். எதிரே, குதிரைமேல் ரிவியரின் வெண்கலச் சிலை. எல்லாரும் அங்கே படம் எடுப்பார்கள். நீங்களும் எடுத்துக்கொண்டு சிலைக்குப் பின்னால் போகும் மரநிழல் நடையில் நடங்கள்.

விளக்கு ஏற்றிய கோபுரம், குண்டு துளைத்த கல்லறை

நடை முடிகிற இடத்தில் ஓல்டு நார்த் தேவாலயம். 1723-இல் கட்டியது, பாஸ்டனில் இன்று நிற்கும் தேவாலயங்களில் மூத்தது. ரிவியர் கிளம்பிய அதே இரவில் இதன் கோபுரத்தில்தான் இரண்டு விளக்குகளைக் காட்டினார்கள்: படை தரைவழியாகப் போகவில்லை, படகில் போகிறது என்று அக்கரைக்குச் சைகை. நீங்கள் அண்ணாந்து பார்க்கும் கோபுரமுனை அந்தக் காலத்தது அல்ல. 1804-இலும் 1954-இலும் புயல் தள்ளியிருக்கிறது. உள்ளே நுழையக் கட்டணம் உண்டு. இருக்கைகள் பலகைச் சுவரெழுப்பிய பெட்டிகளாக இருக்கும். பணம் கொடுத்த குடும்பம் தன் பெட்டிக்குள் உட்கார்ந்து, குளிருக்குக் கணப்புச் சட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு பிரசங்கம் கேட்கும். பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு சிறு கட்டடம் இருக்கும், அதைக் கவனியுங்கள். இத்தாலிய மொழி பேசிய புராட்டஸ்டண்டுகளுக்காக 1918-இல் எழுப்பிய சிற்றாலயம் அது. இத்தாலியர் என்றாலே கத்தோலிக்கர் என்று நினைத்துக்கொண்டிருந்த என் நினைப்பை மாற்றிய கட்டடம்.

அங்கிருந்து ஹல் தெரு மேடேறும். மேட்டின் உச்சியில் 1659-இல் தொடங்கிய காப்ஸ் ஹில் இடுகாடு. கருங்கற்பலகைகளில் சிறகு முளைத்த மண்டையோடுகள். டேனியல் மால்கம் என்ற வணிகரின் கல்லறைக் கல்லைத் தேடுங்கள். பிரிட்டிஷ் வரியை எதிர்த்தவர் என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த எரிச்சலில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் அதைக் குறிபார்த்துச் சுட்டுப் பழகினார்கள் என்பார்கள். குழிகள் இன்னும் தெரிகின்றன. இடுகாட்டுக்கு எதிரே, 44ஆம் எண்ணில், சுமார் 10 அடி அகலத்தில் ஒரு வீடு இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி நிற்கிறது. அண்ணன் தம்பி சொத்துத் தகராறில், ஒருவனுடைய வெளிச்சத்தை மறைக்கவே மற்றவன் கட்டினான் என்று கதை. பாகப்பிரிவினை வழக்குகளோடு வளர்ந்த நமக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது. வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

மேட்டின் மறுசரிவிலிருந்து தண்ணீருக்கு அப்பால் தெரிவது சார்ல்ஸ்டவுன். அங்கே பாலத்தடியில் டியூடர் துறை என்று ஓர் இடம் இருக்கிறது. ஃபிரெடெரிக் டியூடர் என்ற வணிகர், இந்த வட்டாரத்துக் குளங்களில் குளிர்காலத்தில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இந்தியாவுக்கு விற்றவர். அந்தப் பனிக்கட்டியை வாங்கிச் சேர்த்துவைக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அடுத்த முறை பேருந்து பிடிக்க அங்கே நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிச் சாப்பாடு

மணி பதினொன்றாகும் முன் எங்கே இருந்தாலும் ஹானோவர் தெருவுக்கு ஓடி வாருங்கள். கல்லரியா உம்பர்த்தோ என்ற கடை மதியம் மட்டும் நடக்கிறது. சரக்கு தீர்ந்ததும் கதவை இழுத்துவிடுவார்கள், பெரும்பாலும் இரண்டு, இரண்டரை மணிக்குள். ஞாயிறு விடுமுறை, ரொக்கம் மட்டுமே. கண்ணாடி டம்ளரும் கிடையாது, மேசைத்துணியும் கிடையாது. 2018-இல் அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதை மட்டும் வாங்கியிருக்கிறார்கள். சதுரமாக வெட்டிய தடித்த சிசிலி பீட்ஸாத் துண்டு ஒன்று, பான்ஸரோத்தி ஒன்று வாங்குங்கள். இரண்டாவது, சீஸ் வைத்துப் பொரித்த உருளைக்கிழங்கு உருண்டை; நம் நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. வரிசை தெருவரை நீண்டிருக்கும், பயப்படாதீர்கள், பத்துப் பதினைந்து நிமிடத்தில் நகர்ந்துவிடும்.

சைவர்கள் இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரஞ்சீனி என்று பொன்னிறத்தில் ஒரு சோற்றுருண்டை அடுக்கியிருப்பார்கள். பார்க்கப் போண்டா. உள்ளே பெரும்பாலும் மாட்டுக் கொத்துக்கறி. என் அம்மாவை முதல்முறை இந்தப் பேட்டைக்கு அழைத்து வந்தபோது, வேறொரு கடையில், "சோறுதானே" என்று நானே ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டேன். முதல் கடியிலேயே, "என்னடா இது, பருப்பு வேகாத மாதிரி இருக்கு" என்றார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் வாழைப்பழம்தான்.

இன்னும் சில பொறிகள் உண்டு. மாரினாரா என்ற சாஸின் பெயரில் கடல் இருந்தாலும் மீன் இல்லை. தக்காளி, பூண்டு, எண்ணெய்தான், தைரியமாகக் கேட்கலாம். அதற்கு நேர்மாறாக, சீஸர் சாலட் இலைதழையாகத் தெரியும், அதில் நெத்திலி அரைத்திருக்கும். பயறு போட்ட சூப்புகளில் பன்றிக்கறித் துணுக்கோ மாமிசச் சாறோ இருக்கக்கூடும். கடையில் கையால் செய்யும் பாஸ்தாவில் முட்டை சேர்ப்பது வழக்கம். காய்ந்த பாஸ்தாவில் பொதுவாக இல்லை. பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைக்கிறார்கள், ஆகவே கறாரான சைவர்கள் "மேலே தூவ வேண்டாம்" என்று முன்பே சொல்லிவிடுங்கள். தீரமிசூவில் பச்சை முட்டையும் சமயத்தில் மதுவும் இருக்கும். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் மீன் சாப்பிடுவீர்கள் என்றுகூட எடுத்துக்கொள்வார்கள். "இறைச்சி இல்லை, மீன் இல்லை, மாமிசச் சாறு இல்லை" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

மீன் சாப்பிடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். டெய்லி கேட்ச் என்ற குட்டிக் கடையில் கணவாய் மையில் பிசைந்த கறுப்பு பாஸ்தாவை வாணலியோடே கொண்டுவந்து வைப்பார்கள். பீட்ஸாவை முழுதாக, உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால் தாச்சர் தெருவில் 1926 முதல் இருக்கும் ரெஜினா. வேறு இடங்களிலும் அதன் கிளைகள் உண்டு. அவற்றை வைத்து இதை எடை போடாதீர்கள். உட்கார்ந்து சாப்பிடும் இடங்களில் பில்லோடு 7 சதவீத வரியும், பரிமாறியவருக்கு 18 முதல் 20 சதவீதம் டிப்ஸும் சேரும். டிப்ஸ் விருப்பம் என்று சொல்வார்கள். விருப்பமில்லை என்று நடந்துகொண்டு பாருங்கள்.

சேலம் தெரு

ஹானோவருக்கு இணையாக ஓடும் சேலம் தெருவுக்கு நம் சேலத்தோடு உறவு கிடையாது. அது விவிலியத்துப் பெயர். நூறு வருடம் முன்பு யூதர்களின் துணிக்கடைகள் வரிசைகட்டிய தெரு. இப்போது எனக்கு நார்த் எண்டிலேயே மிகப் பிடித்த இடம் இதன் மூலையில் இருக்கிறது: 1932-இல் தொடங்கிய போல்காரீஸ் காபிக் கடை. பெயர்தான் காபி, உள்ளே மளிகை. காபிக்கொட்டை, மிளகு, சோம்பு, காய்ந்த பயறு எல்லாம் திறந்த டப்பாக்களில். கேட்ட அளவை அள்ளி, நிறுத்து, காகிதப் பையில் மடித்துத் தருவார்கள். உள்ளே நுழைந்ததும் வரும் வாசனைக்கு மயிலாப்பூர், மதுரை என்று உங்கள் ஊரின் பழைய மளிகைக் கடையை வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் வாசலில் எலுமிச்சைச் சாறு உறைந்த ஐஸ் விற்கிறார்கள், அதை விடாதீர்கள்.

1950களில் பக்கத்துப் பேட்டையான வெஸ்ட் எண்டைச் சேரி என்று சொல்லி நகர நிர்வாகம் ஒட்டுமொத்தமாக இடித்தது. நார்த் எண்டும் அதே பட்டியலில்தான் இருந்தது. 1961-இல் ஜேன் ஜேக்கப்ஸ் நகரங்களைப் பற்றி எழுதிய தன் புகழ்பெற்ற புத்தகத்தில், திட்டக்காரர்கள் சேரி என்கிற இந்தத் தெருக்கள்தான் நல்ல தெருக்கள் என்று இதை உதாரணம் காட்டினார். சேலம் தெருவில் பத்து நிமிடம் நின்றால் அவர் எதைச் சொன்னார் என்பது புரியும். ஆனால் நல்ல தெரு என்று பெயரெடுத்ததற்கும் விலை உண்டு. வாடகை ஏறி, பழைய குடும்பங்களில் பல புறநகர்களுக்குப் போய்விட்டன. கல்லாவில் இத்தாலியர், மாடியில் கணினி வேலைக்காரர் என்பது இன்றைய நிலவரம்.

பாகு வெள்ளம்

சாப்பிட்டது செரிக்கத் துறைமுகப் பக்கம், கமர்ஷியல் தெருவுக்கு இறங்குங்கள். லங்கோன் பூங்கா ஓரத்தில் ஒரு சின்னப் பலகை இருக்கும். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1919 ஜனவரி 15 மதியம், இந்த இடத்தில் 50 அடி உயரத் தொட்டி ஒன்று வெடித்தது. உள்ளே இருந்தது சர்க்கரை காய்ச்சிய பின் மிஞ்சும் கழிவுப்பாகு, 23 லட்சம் கேலன். கிட்டத்தட்ட 87 லட்சம் லிட்டர். ஆலைச் சாராயம் எடுக்கச் சேர்த்துவைத்திருந்தார்கள். பாகு என்றால் மெல்ல ஊர்ந்து வரும் என்றுதானே நினைப்போம்? வீட்டு உயரத்துக்கு அலையாக எழும்பி, ஓடுகிற மனிதனை முந்திக்கொண்டு வந்தது. 21 பேர் இறந்தார்கள். 150 பேர் காயம்பட்டார்கள். தொட்டி கட்டிய நாளிலிருந்தே ஒழுகியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டப்பாவில் பிடித்துக்கொண்டு போனார்கள். கம்பெனி செய்த ரிப்பேர், ஒழுகல் தெரியாதபடி தொட்டிக்குப் பாகு நிறத்தில் வண்ணம் பூசியது. அந்தக் கம்பெனிக்குத் துறைமுக ஓரம் தேவைப்பட்டது, எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லாத புதுக்குடியேறிகளின் பேட்டை வசதியாகக் கிடைத்தது.

அதே இடத்தில் இப்போது போச்சே ஆடும் மண்தடங்கள் இருக்கின்றன. கனமான உருண்டையை உருட்டிச் சிறு உருண்டைக்கு அருகில் நிறுத்தும் விளையாட்டு. பெரியவர்கள் ஆடிக்கொண்டிருந்தால் நின்று பாருங்கள். யார் உருண்டை பக்கத்தில் என்று அளக்கும்போது எழும் சண்டைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

எப்போது வருவது, எதைக் கட்டிக்கொண்டு போவது

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்லவை. ஜனவரி, பிப்ரவரியில் செங்கல் நடைபாதையில் பனி உறைந்து கண்ணாடியாக இருக்கும், ஊரிலிருந்து வந்த பெற்றோரைக் கூட்டி வராதீர்கள். ஆகஸ்டில் கூட்டமும் புழுக்கமும் உண்டு, ஆனாலும் திருவிழா பார்க்க வேண்டுமென்றால் அப்போதுதான். சிசிலியின் ஷாக்கா ஊர் மீனவர்கள் 1910-இல் ஆரம்பித்த மாதா விழாவில், ஒரு சிறுமியைத் தேவதை வேடத்தில் கயிற்றில் கட்டி மாடி ஜன்னலிலிருந்து தெருவுக்கு மேலே இறக்குவார்கள். மாதக் கடைசி வார இறுதியில் அந்தோனியார் விழா. அவெல்லினோ பக்கத்து மோன்தேஃபால்சியோனே ஊர்க்காரர்கள் 1919 முதல் நடத்துவது. சுரூபத்தைத் தோளில் சுமந்து வீதி வீதியாக வருவார்கள், வீட்டுக்கு வீடு நிறுத்துவார்கள், நாடாக்களில் டாலர் நோட்டுகளைக் குத்திவிடுவார்கள். சப்பர வீதியுலாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எங்கே நிற்க வேண்டும், எப்போது ஒதுங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கன்னோலியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மொறுமொறுப்பான குழலுக்குள் இனிப்பு ரிக்கோட்டா. மைக்ஸ் கடையில் வாங்குவதா, மாடர்னில் வாங்குவதா என்று பாஸ்டன்காரர்கள் கட்சி கட்டி நிற்பார்கள். 1946-இல் தொடங்கிய மைக்ஸின் வெள்ளைப் பெட்டி, நூல் கட்டோடு, விமான நிலையம் வரை எல்லார் கையிலும் தொங்கும். கடையில் வகை அதிகம், கூட்டமும் அதிகம். மாடர்னில் நீங்கள் கேட்ட பிறகுதான் குழலை நிரப்புகிறார்கள். நான் மாடர்ன் கட்சி. நிரப்பிய கன்னோலி ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும், ஊறின அப்பளம் மாதிரி. வீட்டுக்கு எடுத்துப்போவதானால் குழல் தனியாக, உள்ளீடு தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். பன்றிக்கொழுப்பில் செய்த குழலா என்று சைவர்கள் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். பெட்டியைக் கையில் வாங்கியதும் ஹேமார்க்கெட்டுக்கு நடங்கள். சந்தையில் கடை கட்டும் நேரத்தில் மாம்பழம் பெட்டியோடு பேரத்துக்கு வரும்.